சூடானால் நிற்கிற அம்பாசிடர்: காயிலா, கண்டென்சரா?

2024 ஏப்ரல் 21, காலை

(அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்டது.)

"அண்ணாச்சி, என்னோடது 1986 அம்பாசிடர், பெட்ரோல். வாரத்துக்கு ரெண்டு தடவை திருநெல்வேலி வந்துட்டுப் போறேன். காலையில அரைச் செல்ஃபுல பிடிச்சிருது. சேரன்மகாதேவி தாண்டினதும் ரெண்டு மூணு குலுக்கு, அப்புறம் ஆஃப். அரை மணி நேரம் நிழல்ல போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. காயில் போச்சு, மாத்திருங்கன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்லிட்டாங்க. நாளைக்கு மாத்தப் போறேன். சரிதானே?"

2024 ஏப்ரல் 21, இரவு

காயிலை, அதாவது பேட்டரி கரண்டைப் பிளக்கில் பொறி பாய்கிற அளவுக்கு ஏற்றித் தருகிற டப்பாவை, இப்போதைக்குத் தொடாதே தம்பி. வண்டி நின்ற அந்த நிமிஷத்தில் காயிலில் இருந்து கரண்ட் வருகிறதா என்று யாராவது பார்த்தார்களா? ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்கும், எல்லாமே வேலை செய்யும். ஆறின வண்டியைப் பார்த்துக் காயில் என்று சொல்வது ஊகம்தான்.

என் வண்டி 1984, மார்க் 4, உன்னுடைய அதே 1489 சிசி எஞ்சின். அப்பா வாங்கினது. போன வருஷம் சித்திரையில் நாங்குநேரி தாண்டி நாலு வழிச் சாலையில் இதே மாதிரி நின்றது. பின் சீட்டில் ஆச்சி, வெளியே ஒரு மரம் கிடையாது. அந்தப் பதற்றத்தில் மறுநாளே காயில் மாத்தினேன். ஆனி, ஆடிக் காற்றில் நன்றாக ஓடியது. புரட்டாசி வெயிலில் மறுபடி நின்றது. காயிலோடு சேர்ந்து பொறியை வலுவாக்குகிற சின்ன டப்பாவான கண்டென்சரை மாத்தினேன், அதோடு சரியாகிவிட்டது. அதனால் சொல்கிறேன், உனக்கும் கண்டென்சர்தான்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிற வண்டியில் சந்தேகப்பட மூன்று உண்டு: காயில், கண்டென்சர், பெட்ரோல். காயிலுக்குள் சுற்றின மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து விட்டுப்போகலாம். கண்டென்சர் சூட்டில் ஒழுகி எர்த் ஆகலாம், அதாவது கரண்ட் எஞ்சின் இரும்பில் இறங்கிப் போய்விடலாம். பெட்ரோல் பைப்பில் ஆவி அடைக்கலாம். மூன்றும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு பல்பு போதும். நாளை எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 22

பல்பு. பழைய இண்டிகேட்டர் ஹோல்டரோடு 12 வோல்ட் பல்பு ஒன்று, ரெண்டு முழம் ஒயர் ரெண்டு, நுனியில் முதலைக் கிளிப். இதை டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வை. வீட்டில் இருக்கும்போது தேவைப்படாது, ரோட்டில் நின்றால் இதுதான் வேண்டும்.

வண்டி நின்றதும் பானெட்டைத் திற. ஒரு கிளிப்பை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டு. சாவியைப் போடு. இன்னொரு நுனியைக் காயிலில் எஸ்.டபிள்யூ. என்று போட்ட முனையில், அதாவது சாவி ஸ்விட்ச் பக்க முனையில் வை. எரிய வேண்டும். எரியாவிட்டால் கோளாறு சாவி ஸ்விட்சிலோ அங்கிருந்து வரும் ஒயரிலோ இருக்கிறது, காயில் பக்கம் போகாதே.

அடுத்து சி.பி. முனை, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டெல்கோவின் பக்கம். அதில் பல்பை வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல். பல்பு மினுக் மினுக் என்று அணைந்து அணைந்து எரிந்தால் பிளாட்டினம், அதாவது டெல்கோவுக்குள் காயில் கரண்டை விட்டு விட்டு அறுக்கிற முனைகள், திறந்து மூடுகிறது. எரிந்தபடியே நின்றால் பிளாட்டினம் மூடவில்லை, அல்லது அதற்குப் போகிற ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. கொஞ்சம் கூட எரியாவிட்டால் பிளாட்டினம் திறக்கவில்லை, அல்லது காயிலுக்குள் கம்பி விட்டிருக்கிறது, அல்லது கண்டென்சரோ ஒயரோ எர்த் ஆகிக் கிடக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் உன் வண்டியில் என்று நினைக்கிறேன்.

மினுக்கியும் வண்டி ஓடவில்லையா? காயிலின் நடுவில் இருந்து டெல்கோவுக்குப் போகிற தடித்த எச்.டி. (ஹை டென்ஷன்) ஒயரை டெல்கோ பக்கம் உருவு. நுனியை எஞ்சின் இரும்பில் இருந்து ஒரு பென்சில் கனம் தள்ளிப் பிடி. கையால் பிடிக்காதே, காய்ந்த மரக் கிளிப்பால் பிடி. செல்ஃப் அடிக்கும்போது நீலமாக, சடக் சடக் என்று சத்தத்தோடு பாய வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால், அல்லது வரவே இல்லை என்றால் அப்போது காயிலையும் கண்டென்சரையும் பேசலாம். நன்றாகப் பாய்கிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டெல்கோவுக்குள் சுற்றுகிற ரோட்டர், டெல்கோ மூடியான கேப், பிளக் ஒயர், பெட்ரோல் என்று வெளியே போ. அந்த ஒயரை ரொம்பத் தூரம் விலக்கிப் பிடித்துச் செல்ஃப் அடிக்கக் கூடாது. பாய வழி கிடைக்காத கரண்ட் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனை உடைத்துக்கொண்டு போகும்.

இதில் ஒன்று விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் முதல் பேட்டரி. பேட்டையில் ஒரு பழைய ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி சொல்லுவார், "பிளாட்டினத்தைத் தொடுறதுக்கு முன்ன பேட்டரியப் பாரும் வே" என்று. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் காயில் புதுசாக இருந்தாலும் கரண்ட் வலுவாக வராது.

2024 ஏப்ரல் 24

காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுத்தே இல்லை, கூட்டல் கழித்தல் குறிதான் இருக்கிறது என்கிறாய். பேட்டரியின் நெகட்டிவ் எர்த்தில் போகிற வண்டியில் கூட்டல் சாவிப் பக்கம், கழித்தல் டெல்கோப் பக்கம். நான் பழைய காயிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினதால் அப்படி வந்துவிட்டது.

இன்னொன்று. எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டபடி விட்டுவிடாதே. பிளாட்டினம் மூடின நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலில் பேட்டரி கரண்ட் ஓடுகிற சுற்றான பிரைமரி 3 ஓம், பேட்டரி 12 வோல்ட் என்றால் 4 ஆம்பியர், 48 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் சூடு அந்த டப்பாவுக்குள் சேரும். பாட்டுக் கேட்கிறேன் என்று சாவியைப் போட்டு விட்டுக் காயிலைச் சுட்டவர்களை எனக்குத் தெரியும்.

2024 ஏப்ரல் 28

ஞாயிற்றுக்கிழமை. தார்சாவை ஒட்டி வண்டியைப் போட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பிளாட்டினத்தைப் பார்த்தேன். உனக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

டெல்கோ கேப்பின் ரெண்டு பக்கக் கிளிப்பையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கழன்று வரும். ரோட்டரை மேலே உருவு. முன்னால் ஹேண்டிலைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்று. நடுத் தண்டில் நாலு முனை தெரியும், ஒரு முனை பிளாட்டினத்தின் குதிகாலை முழுக்கத் தள்ளி நிற்கும்போது நிறுத்து. அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். எனக்கு 0.25தான் இருந்தது. குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பிளாட்டினம் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது பிளக்கில் பொறி பாய்கிற நேரம், பின்னால் போகும். ஏற்றத்தில் வண்டி சொணங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இடைவெளியைச் சரி செய்தால் டைமிங்கையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

முகத்தில் ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு என்றால் மெல்லிய அரத்தால் இழு. உப்புத்தாளின் மணல் உள்ளே ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வைத்து உருவு. கறுப்பாக வந்தால் இன்னொரு தாள். வெள்ளையாக வருகிற வரை.

ஹேண்டில் பிடிக்கிற விதம்: கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள். கீழிருந்து மேலே இழு. டைமிங் முன்னால் இருந்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும், கட்டை விரல் சுற்றிப் பிடித்திருந்தால் முறிந்துவிடும். அப்பாவுக்கு 1991இல் மணிக்கட்டில் அடி பட்டது. மழைக்காலத்தில் அந்தக் கை வலிக்கிறது என்று கடைசி வரைக்கும் சொல்லுவார்.

2024 ஏப்ரல் 28, பிற்பகல்

டெல்கோ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர். நம் ஒர்க்‌ஷாப்களில் அதற்கு டெல்கோ என்றுதான் பெயர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1909இல் தொடங்கின டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரிஸ் கம்பெனியின் முதலெழுத்துகள் அவை. காயில், பிளாட்டினம், கண்டென்சர் என்கிற இந்த ஏற்பாட்டுக்கே கெட்டரிங் இக்னீஷன் என்று பெயர் உண்டு. டேட்டனில் வைத்த பெயர் வண்ணார்பேட்டை வரைக்கும் வந்து நிற்கிறது. எனக்கு அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கும்.

2024 மே 8

நான் எழுதினது தப்பு. கண்டென்சரோடு சரியாகிவிட்டது என்று சொன்னேனே, அது தப்பு.

நேற்று மத்தியானம் ரெண்டு மணி, கத்திரி வெயில். மூன்றடைப்பு தாண்டி நாங்குநேரி நோக்கிப் போகிறேன். சீராக அறுபதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஒரு குலுக்கு. அமுக்கினேன், பிடித்தது. மறுபடி தளர்த்தினேன், ஆஃப்.

ஓரம் கட்டி, உனக்குச் சொன்ன பல்பை எடுத்தேன். சாவிப் பக்கம் எரிந்தது. டெல்கோப் பக்கம் வைத்து மச்சானைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பல்பு அணையவே இல்லை, நிலையாக எரிந்தது. கண்டென்சர் எர்த் ஆகியிருந்தால் எரிந்திருக்காது. காயில் பிரைமரி விட்டிருந்தாலும் அந்த முனையில் எரிந்திருக்காது. அப்படியானால் பிளாட்டினத்துக்குப் போகிற வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. கேப்பைக் கழற்றிப் பார்த்தேன். பிளாட்டினம் போன வாரம் துடைத்தபடி பளிச்சென்று இருந்தது, சரியாக மூடியும் நின்றது.

டெல்கோவின் பக்கவாட்டில் இருந்து உள்ளே பிளாட்டினத்துக்கு ஒரு சின்ன ஒயர் போகும், ஒரு விரல் நீளம் கூட வராது. அதை ஒரு குச்சியால் லேசாகத் தள்ளினேன். பல்பு அணைந்தது. விட்டேன், எரிந்தது. தள்ளினேன், அணைந்தது. லாரிகள் பக்கத்தில் சர்ர் சர்ரென்று போகின்றன, நான் குனிந்தபடி அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். ஒரு வருஷமாக என்னை ரோட்டில் நிறுத்தினது அந்த ஒயர்.

2024 மே 9

ஒயரை வீட்டுக்குக் கொண்டு வந்து பிளேடால் நீளவாக்கில் கீறினேன். மேலே துணிச் சுற்று பழுதில்லாமல் இருந்தது. உள்ளே செப்பு இழைகள் ஒரே இடத்தில் கத்தரித்த மாதிரி அறுந்து, நுனிகள் பச்சை பூத்திருந்தன. ரெண்டே இழை தொட்டுக்கொண்டிருந்தன, ஒன்றை நகத்தால் தொட்டதும் விட்டுவிட்டது.

ஏன் அங்கே அறுகிறது? டெல்கோவுக்குப் பக்கத்தில் தட்டையான ஒரு டப்பா இருக்கும், வேக்குவம் அட்வான்ஸ். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி ஓட்டும்போது எஞ்சின் இழுக்கும் வேக்குவம் பிளாட்டினம் உட்கார்ந்திருக்கும் தட்டையே கொஞ்சம் திருப்பும், டைமிங் முன்னால் வரும். அமுக்கினால் தட்டு திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் இந்த ஒயர் மடங்கி நிமிரும். நாற்பது வருஷம் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. அதனால்தான் தளர்த்தும்போது நின்றது, அமுக்கினால் பிடித்தது. சூடு உறையை இளக்கி ஒயரைத் தொய்ய வைத்திருக்கும். வெயிலில் மட்டும் நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்படியென்றால் போன வருஷம் கண்டென்சரை மாத்தினதும் எப்படிச் சரியாயிற்று? இரவெல்லாம் யோசித்தேன். கண்டென்சரை மாத்தும்போது அதே திருகைக் கழற்றி அந்த ஒயரை நகர்த்தி உட்கார வைத்திருப்பேன், அறுந்த நுனிகள் கொஞ்ச நாள் ஒட்டி நின்றிருக்கும். காயிலை மாத்தினபோது டெல்கோவைத் தொடவில்லை, வெயில் தணிந்ததால்தான் ஓடியது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் வண்டி ரெண்டு நாள் தண்ணீரில் நின்றதும் செப்பைப் பச்சையாக்கியிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின மழை அது, குறுக்குத்துறைக் கோயிலை ஆறு மூடிவிட்டது, வீட்டுக்குள் துணி ஒரு வாரம் காயவில்லை.

புது ஒயருக்கு மெல்லிய இழைகள் நிறைய இருக்கிற, வளையக்கூடிய ஒயரே வேண்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சின ஒற்றைக் கம்பியைப் போடாதே, ஒரு மாதத்தில் அறும். தட்டுக்கும் டெல்கோ உடம்புக்கும் நடுவில் இன்னொரு சின்ன எர்த் ஒயர் உண்டு, அதையும் சேர்த்து மாத்தினேன்.

2024 மே 12

ஈரத் துணியைப் பெட்ரோல் பம்பில் சுற்றினால் ஓடிவிடும், இக்னீஷனே காரணம் இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஆவி அடைப்பு நம் ஊர் வெயிலில் உண்மைதான், நானும் கயத்தாறு பக்கம் பட்டிருக்கிறேன். ஆனால் ஈரத் துணி சுற்றி, அது ஆறி, வண்டி ஓடுவதற்குள் டெல்கோவும் சேர்ந்து ஆறியிருக்கும். எது ஆறினதால் ஓடியது என்று எப்படித் தெரியும்? முதலில் பல்பு, பிறகு எச்.டி. ஒயர், அதில் நீலமாகப் பாய்ந்தால் மட்டும் துணி.

பழைய ரப்பர் பெட்ரோல் பைப் வைத்திருக்கிறவர்கள் அதையும் மாத்துங்கள். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்து இளக்குகிறது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை.

2024 ஜூன் 9

அம்பாசமுத்திரம் தம்பி எழுதியிருக்கிறான். வெள்ளிக்கிழமை சேரன்மகாதேவிக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறது. சாவிப் பக்கம் எரிந்தது, டெல்கோப் பக்கம் எரியவே இல்லை. அவனே ஒரு படி மேலே போய்ச் செய்ததைச் சொல்கிறேன். காயிலின் கழித்தல் முனையில் இருந்து டெல்கோ ஒயரைக் கழற்றிவிட்டு, வெறும் முனையில் பல்பை வைத்திருக்கிறான். எரிந்தது. அப்படியானால் காயில் பிரைமரி நல்லது, எர்த் டெல்கோப் பக்கம். ஒயரைத் திரும்ப மாட்டி, கண்டென்சர் ஒயரை மட்டும் பிளாட்டினத்தில் இருந்து விலக்கினான். செல்ஃப் அடித்ததும் பல்பு மினுக்க ஆரம்பித்தது.

கண்டென்சர். நான் முதல் நாள் சொன்னது அவன் வண்டிக்குச் சரி, என் வண்டிக்குத் தப்பு. என் வண்டியை வைத்து அவனுக்குச் சொன்னேன், அந்தக் காரணமே இல்லாமல் போய்விட்டது. அவன் பல்பு பிடித்துப் பார்த்ததைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

தம்பி, கண்டென்சர் வாங்கும்போது பெயர் போடாத டப்பாவில் வருவதை எடுக்காதே. 0.2 மைக்ரோ ஃபாரட் சுற்றி இருக்க வேண்டும், அளக்கிற மல்டிமீட்டர் இருந்தால் கடையிலேயே அளந்து வாங்கு. பழையது ஓடுகிற நிலையில் கிடைத்தால் அதை டிக்கியில் வைத்துக்கொள்.

2024 ஜூலை 7

குற்றாலம் சாரல். தென்காசியில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். பாவூர்சத்திரம் வரும்போது வண்டி மிஸ் அடித்தது, மூன்று சிலிண்டரில் ஓடுகிற உறுமல். இது சூட்டுக் கோளாறே இல்லை, ஈரக் கோளாறு.

வீட்டுக்கு வந்து ராத்திரி கரண்ட் போயிருந்தது, நல்லதாகப் போயிற்று. வாசல் இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டேன். மகள் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து வந்து ஒயர்களின் மேல் புகை மாதிரித் தெளித்தாள். முதல் ஒயரில் ஒன்றும் இல்லை. கேப்பின் மேல் தெளித்ததும் பிளக் ஒயர் ஏறுகிற ரெண்டு கோபுரத்துக்கு நடுவே நீலமாக ஒரு நூல் ஓடியது, டிக் டிக் என்று. "அப்பா, மின்மினி மாதிரி இருக்கு" என்றாள். எஞ்சினும் அந்தத் தாளத்தில் தடுமாறியது.

காலையில் கேப்பை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே 3ஆம் சிலிண்டர் முனைக்கும் 4ஆம் சிலிண்டர் முனைக்கும் நடுவில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. இந்த எஞ்சினில் சிலிண்டர்களுக்குப் பொறி போகிற வரிசை 1-3-4-2 ஆனதால் கேப்பில் 3ம் 4ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கரண்ட் ஈரத்தில் நடந்து நடந்து கரியால் போட்ட பாதை அது. சுரண்டினால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் பேக்லைட்டின் வழுவழுப்பு போனபின் ஈரம் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். புதுக் கேப்தான் போட்டேன். இருட்டில் பார்க்கும்போது தொங்குகிற துணி, வளையல் எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. மகளை எட்டவே நிற்க வைத்தேன்.

2024 ஜூலை 9

ரோட்டரையும் சோதித்தேன், எழுத விட்டுப்போயிற்று. கேப்பைக் கழற்றிவிட்டு, காயிலின் எச்.டி. ஒயரை ரோட்டர் மேல் பித்தளைக்கு ஒரு நெல் மணி தூரத்தில் மரக் கிளிப்பால் பிடி. சாவியைப் போட்டு, பிளாட்டினத்தை ஒரு காய்ந்த குச்சியால் திறந்து மூடு. ரோட்டருக்குப் பாய்ந்தால் அது உள்ளே தண்டுக்கு ஓட்டை போட்டுவிட்டது, தூக்கிப் போடு. முதலில் வருகிற ஒரு சின்னப் பொறியை மட்டும் கணக்கில் எடுக்காதே. தொடர்ந்து பாய்கிறதா என்று பார்.

2024 ஆகஸ்ட் 18

போன வருஷம் கழற்றி மாடத்தில் போட்டிருந்த பழைய காயிலை எடுத்துத் துடைத்தேன். பிரைமரி அளந்தால் 3.1 ஓம். அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு இன்று செங்கோட்டை வழியாகப் புளியரை ஏற்றம் ஏறினேன். வெயில் உச்சியில், ரெண்டாவது கியரில், முன்னால் ஒரு சரக்கு லாரி ஊர்ந்துகொண்டு போனது. வளைவுக்கு வளைவு ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி அமுக்கிப் பார்த்தேன். கோட்டவாசலில் நிறுத்திக் காயிலில் கை வைத்தால் சூடாக இருந்தது, கையை எடுக்க வேண்டிய சூடு இல்லை. ஆஃப் பண்ணினேன், உடனே போட்டேன், அரைச் செல்ஃபில் பிடித்தது.

புதுக் காயில் டப்பாவோடு டிக்கியில் கிடக்கிறது. தம்பி, இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போ, ரோட்டில் அவசரத்துக்கு வைத்துக்கொள்.